இழுத்துப் பார்ப்பவள்

எதைக் கண்டாலும் இழுத்துப் பார்ப்பாள்.

ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், உட்காரச் சொல்லி நான் காட்டிய நாற்காலியில் அவள் உடனே உட்காரவில்லை. அதன் கையைப் பிடித்து ஆட்டினாள். பிறகு மேசை இழுப்பறையின் குமிழை இழுத்தாள். என் சட்டையின் இரண்டாவது பொத்தான் வரைக்கும் அவள் கை வந்து, சட்டென்று வெட்கப்பட்டுப் பின்வாங்கியது.

"அண்ணா, அது நாளைக்கு விழுந்துரும்" என்றாள்.

மறுநாள் மதியம் சாம்பார் கிண்ணத்துக்குள் விழுந்தது.

டவுன் பஸ்ஸில் ஏறினால் கம்பியை ஒரு தடவை வெடுக்கென்று இழுத்துவிட்டுத்தான் பிடிப்பாள். டீக்கடைக் கோப்பையின் காதை இரண்டு விரலால் அசைத்துவிட்டுத்தான் தூக்குவாள். இதையெல்லாம் கிறுக்குத்தனம் என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் பேசியிருக்கிறேன். அவளுக்கு ஒரு வருடம் முன்பே சேர்ந்தவன் என்பதால் அவளைக் கிண்டல் செய்யும் உரிமை எனக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரணத்தை அவளே ஒருநாள் சொன்னாள். அவளுடைய அப்பா வைக்கோல் ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்தவர். பிடித்திருந்த கயிறு அவிழ்ந்துவிட்டது. இடுப்பு மூட்டு நொறுங்கி, உலோகத்தில் ஒரு மூட்டு வைத்தார்கள். ஐந்தாறு வருடம் நடந்தார். அதற்கப்புறம் உள்ளே வைத்தது மெல்ல ஆட ஆரம்பித்தது. காலை ஊன்றும்போதெல்லாம் ஒரு சத்தம் கேட்கும் என்பாராம். வேறு யாருக்கும் கேட்காது.

"எங்கப்பா இடுப்புல வச்சது ஒட்டுச்சுண்ணா. ஆனா புடிக்கல" என்றாள். "ஒட்டுறது வேற, புடிக்கிறது வேற."

இந்த வித்தியாசம்தான் எங்கள் ஆய்வே. டைட்டானியம் உடம்புக்குள் வைக்க நல்ல உலோகம். துருப்பிடிக்காது, உடம்பு அதை எதிர்க்காது. ஆனால் எலும்புக்கு அது அந்நியம். அதனால் எலும்பில் இருக்கிற அதே தாதுவை அதன்மேல் பூசி அனுப்புவார்கள். எலும்பு அதைத் தன்னுடையது என்று எண்ணி வந்து சேர்ந்துகொள்ளும். தொல்லை என்னவென்றால், அந்தப் பூச்சு சுண்ணாம்பு அடித்த சுவர்போல நாளடைவில் உரிந்துவிடும். உரியாத பூச்சு ஒன்று நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. பல்லின் எனாமல். அதுவும் ஏறக்குறைய அதே தாதுதான். ஆனால் அதைக் கட்டுவதற்குச் சில புரதங்கள் வந்து நிற்கின்றன. தாதுவின் படிகங்களை ஒரே திசையில் வரிசையாக நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் துண்டு துண்டாகச் சிதைந்து போய்விடுகின்றன. அவை சிதைவதற்கு முன்னால் எடுத்து, டைட்டானியத்தின் மேல் விட்டால் அங்கேயும் அதே மாதிரி கட்டுமா? எங்கள் கைடு கேட்ட கேள்வி அது. கைடு என்றால் எங்கள் இருவருக்கும் ஆய்வு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர்.

அம்மாவிடம் அவள் இதைத் தொலைபேசியில் விளக்கியதை நான் கேட்டிருக்கிறேன். "நட்ட பயிரு ஒரு வாரம் வெளுத்துப்போய் நிக்கும்ல, அப்பறம் பச்ச புடிக்கும்ல. அந்த ஒரு வாரந்தாம்மா நான் படிக்கிறேன்."

அந்த அம்மா அவளுடைய சிறுவயதில் நடவுக்குப் போனவர். பிறகு குத்தகைக்கு நிலம் எடுத்துத் தாங்களே பயிர் வைத்தார்கள். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம். என் ஊர் திருவையாறு பக்கம். நிலமும் வீடும் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறவை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பன்றித் தாடையைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

எனாமல் புரதத்தை எடுப்பதற்கு முளைக்காத பல் வேண்டும். ஆறு மாதப் பன்றியின் தாடையில் ஈறுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும் கடைவாய்ப் பல். அந்த வயதில் எனாமல் இன்னும் இறுகியிருக்காது. ஈறைக் கீறித் திறந்தால் சீம்பால் கட்டிபோல வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். சின்னக் கரண்டியால் சுரண்டி எடுக்கலாம். பல் வெளியே வந்துவிட்டால் பயன் இல்லை. புரதம் சிதைந்திருக்கும்.

தாடைகள் கிடைப்பது ரயில் பாதையை ஒட்டிய ஒரு தார்ப்பாய்க் கொட்டகையில். காலை ஆறு மணிக்குப் போக வேண்டும். யார் போவது என்று பேச்சு வந்தபோது, கைடு கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னார்: "அந்தப் பொண்ணே போயிட்டு வரட்டும். அதுக்குப் பழக்கம் இருக்கும்."

கூடத்தில் ஆறு பேர் இருந்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் சரி சார் என்றாள்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் என்னிடம் கேட்டாள். "எங்க வீட்டுல யாரும் பன்னி வளத்ததில்லண்ணா. தின்னதும் இல்ல. எனக்குப் பழக்கம்னு சாருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எனக்குப் பதில் தெரியும். அவளுக்கும் தெரியும். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

ஆனால் போனவள் சும்மா போய்வரவில்லை. முதல் வாரத்திலேயே அந்தக் கடைக்காரரைச் சிநேகிதம் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தாடையையும் கையில் எடுத்து, ஈறைக் கட்டை விரலால் அழுத்தி, உள்ளே பல் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தே எடுப்பாள். பத்தில் நான்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் ஏறியபோது ஒருநாள் கண்டக்டர், "உள்ள மீனாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "பல்லு" என்றிருக்கிறாள். கண்டக்டர் அப்புறம் அவள் பக்கமே வரவில்லையாம். சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தாள். சிரிக்கும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள்.

அவளுடைய முதல் தொகுதி தயாரான நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெட்டிய டைட்டானிய வில்லைகள். புரதம் பூசி, உடம்பு நீர் போன்ற ஒரு கரைசலில், உடம்புச் சூட்டில் இரண்டு வாரம் ஊறியவை. பூச்சு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அளக்க ஒரு இயந்திரம் உண்டு. அதற்கு முன்னால் அவள் தன் சோதனையைச் செய்வாள். ஒட்டும் நாடாவை வில்லையின் மேல் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் சர்ரென்று உரிப்பாள். புரதம் இல்லாத வில்லைகளில் நாடாவோடு வெள்ளையாகப் பொடி வந்தது. புரதம் பூசிய முதல் வில்லையில் நாடா சுத்தமாக வந்தது. நாங்கள் கைதட்டினோம். அவள் சிரிக்கவில்லை. மீதி முப்பத்தொன்பதையும் உரித்துப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

மின்னணு நுண்ணோக்கியில் வைத்தபோது படிகங்கள் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, வரிசை வரிசையாக நின்றன. திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "கயிறு புடிச்சு நட்ட மாதிரி இருக்குண்ணா" என்றாள். அந்தப் படத்தைக் கைபேசியில் அப்பாவுக்கு அனுப்பினாள். அவர் பதில் பேசி அனுப்பியிருந்தார். எல்லோரும் கேட்கும்படி ஒலிக்கவிட்டாள். "நல்லாருக்கு ஆத்தா. சீக்கிரம் முடி. எனக்கு ரெண்டாவது இடுப்பு வைக்கணும்."

ஆறு தொகுதிகள் அப்படியே வந்தன. கைடு கட்டுரைக்குத் தலைப்பே எழுதிவிட்டார்.

ஏழாவது தொகுதிக்குத் தாடை வாங்க வேண்டிய வாரத்தில், அவளுடைய அப்பாவுக்குப் பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புதியது வைக்கும் அறுவை சிகிச்சை. அவள் பத்து நாள் விடுப்பு கேட்டாள். கைடு முகத்தைச் சுளித்தார். "தாடைக்கு?" என்றார்.

நான் போகிறேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் யோசிக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் பதில் சொல்லாததற்கு ஈடு கட்ட நினைத்தேனோ என்னவோ. அவளுடைய முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "நெஜமாவாண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஒரு தாளில் தாடை படம் வரைந்து, எங்கே அழுத்த வேண்டும், எப்படி இருந்தால் எடுக்க வேண்டும், எப்படி இருந்தால் வேண்டாம் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தாள்.

நான் போனேன். கொட்டகைக்குள் போகவில்லை.

சாலைக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். நாற்றம் ஒரு காரணம். திருவையாறு பஸ் அந்த வழியாகத்தான் போகும் என்பது இன்னொரு காரணம். தெரிந்த முகம் ஏதாவது ஜன்னலில் இருந்துவிட்டால்? கடைக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டு ஐஸ் பெட்டியை நீட்டினேன்.

"பத்துத் தாடை போடுங்க."

"அந்தப் பொண்ணு ஒண்ணொண்ணாப் பாத்து எடுக்கும். நீங்க வந்து பாக்கலீங்களா?"

"எதுவா இருந்தாலும் பரவால்ல. போடுங்க."

கூடத்தில் பெட்டியைத் திறந்தபோதே தெரிந்தது. ஆறு தாடைகளில் பல் வெளியே வந்திருந்தது. மீதி நான்கும் ஈறுக்குள் இறுகிப் போயிருந்தன. கரண்டி சுரண்டவில்லை, கிறீச்சிட்டது. திரும்பப் போய் வேறு வாங்கியிருக்கலாம். அந்தச் சாலையோரத்தை நினைத்தாலே குமட்டியது. வந்ததைச் சுரண்டிக் கரைத்து, புரதப் பொடியாக்கி வைத்தேன். பொடியை ஜெல்லில் ஓட்டிப் பார்த்துப் புரதம் முழுசாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது முறை. அதையும் செய்யவில்லை. செய்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம். அன்று வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன்.

அவள் திரும்பி வந்து ஏழாவது தொகுதியைச் செய்தாள். நாடாவை உரித்தாள். வெள்ளையாக வந்தது. நாற்பதிலும் வந்தது.

கைடு எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "வீட்டு ஞாபகத்துல வேல செஞ்சா இப்படித்தான். கை சுத்தமில்ல."

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அதை என்னால் மறக்க முடியவில்லை. நிஜமாகவே அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பவளைப்போல இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, நீங்க வாங்கிட்டு வந்ததுல கடவாப் பல்லு எதுவும் வெளிய வந்துருந்துச்சா?"

"இல்லையே. நீ எழுதிக் குடுத்த மாதிரி அழுத்திப் பாத்துத்தான் வாங்கினேன்."

"பத்துமா?"

"பத்தும்."

"ஜெல் ஓட்டுனீங்களா?"

"ஓட்டினேன். நல்லாத்தான் இருந்துச்சு. படம் எடுக்க மறந்துட்டேன்."

"சரிண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாற்காலியின் கையைக்கூட நம்பாதவள், நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு போனாள்.

எட்டாவதும் ஒன்பதாவதும் மறுபடி நன்றாக வந்தன. கைடுக்கு அது போதும். "ஏழாவத விட்டுரு. மத்ததெல்லாம் சரியா இருக்கு. எழுதிக் குடு" என்றார்.

"காரணம் தெரியாம எப்படி சார் விடறது?" என்றாள். "நாளைக்கு ஒருத்தர் ஒடம்புக்குள்ள போற சாமான். ஒம்பதுல ஒண்ணு ஏன் உரியுதுன்னு தெரியாமயே அனுப்பச் சொல்றீங்களா?"

"தேடணும்னா நீ தேடிக்க. காலம் முடிஞ்சா நீட்டிக்கச் சொல்லி எங்கிட்ட வராத."

அவள் தேடினாள். எட்டு மாதம் தேடினாள். தண்ணீர் வடிக்கும் இயந்திரத்தைப் பிரித்துக் கழுவினாள். அந்த வாரத்தில் எத்தனை தடவை மின்சாரம் போனது என்று வாட்ச்மேனிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். வில்லைகளை மெருகேற்றும் தாளை மாற்றினாள், அமிலத்தை மாற்றினாள், கையுறையை மாற்றினாள். தன் கையைச் சோப்பு போட்டுக் கழுவிக் கழுவி விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. நான் பக்கத்து மேசையில் இருந்தேன். ஒவ்வொரு நாளும் சர்ரென்று நாடா உரியும் சத்தம் கேட்கும். சொல்லிவிடலாம் என்று தோன்றும். முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் சின்ன விஷயம். இரண்டாவது மாதத்தில் சொல்வதானால் இரண்டு மாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நாள் ஏற ஏற என் வாய் இறுகிக்கொண்டே போனது.

நடுவில் அவளுடைய அப்பாவுக்குப் புது மூட்டில் சீழ் வைத்தது. மறுபடி ஆஸ்பத்திரி. ஊரிலிருந்து அவளுடைய அம்மா தினமும் கூப்பிடுவார். "இந்தச் சோதன மட்டும் முடிச்சிட்டு வந்துர்றேம்மா" என்று அவள் சொல்வது எனக்குக் கேட்கும். இயந்திர அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. ஒரு வியாழக்கிழமை காலை முழுவதும் அவள் அந்த அறைக்குள் ஏழாவது தொகுதியின் வில்லைகளை இழுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து கைபேசியை எடுத்தபோது பதினான்கு தவறிய அழைப்புகள். அப்பா காலையிலேயே போய்விட்டிருந்தார்.

பதினேழாவது நாள் திரும்பி வந்தாள். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஃப்ரீசர்ல ஏழாவது பேட்ச் பொடி ஏதாச்சும் மிச்சம் இருக்காண்ணா?" இல்லை, எல்லாம் தீர்ந்துவிட்டது என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

காலம் முடிந்தபோது நீட்டிப்புக்குக் கைடு கையெழுத்துப் போடவில்லை. அவள் பட்டம் இல்லாமல் கிளம்பினாள். கடைசி நாள், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றாள். எதையும் தொடவில்லை, இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க நல்லபடியா முடிச்சிருங்கண்ணா" என்றாள்.

முடித்தேன். ஏழாவது தொகுதி இல்லாத கட்டுரையில் என் பெயர் முதலில் இருந்தது, அவள் பெயர் நான்காவதாக. அதைக் காட்டித்தான் வேலை வாங்கினேன். இப்போது நானும் ஒரு கைடு. கூரியர் பெட்டியை யாராவது நாடா போட்டு மூடினால்கூட அறையை விட்டு வெளியே போய்விடுவேன். மாணவர்கள் அதை வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று தெரியும். வெறும் அறையில் தனியாக இருக்கும்போதும் சில நாள் அந்தச் சத்தம் கேட்கும். வேறு யாருக்கும் கேட்காது.

போன ஆனி மாதம், என் மாணவி ஒருத்தி வந்து நின்றாள். கரைசல் கெட்டுப்போயிருந்தது. "சார், தேதிய பாக்காம ஊத்திட்டேன். எம்மேல தப்பு" என்றாள். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, திட்டுக்காகக் காத்திருந்தாள். நான் சரி, மறுபடி செய் என்றேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று விநாடிகூட ஆகவில்லை அவளுக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருக்காட்டுப்பள்ளி பஸ் ஏறினேன்.

ஊரை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியது. குறுவை நடவு பாதி முடிந்திருந்தது. அவளுடைய அம்மா வரப்பில் நின்று நாற்றுக்கட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மகளோடு ஆய்வு செய்தவன் என்று சொன்னேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பாப்பா மலேசியாவுல இருக்கு தம்பி. பினாங்குல. இந்த எலும்புல வைக்கிற சாமான் செய்யற கம்பெனி. அதுல சாமான சரிபாக்குற வேல." மகளைப் பற்றிச் சொல்லும்போதே என் முகத்தை உற்றுப் பார்த்தவர், சட்டென்று கேட்டார். "ஏந்தம்பி, பன்னிக் கடைக்குப் போனது நீங்கதானா?"

தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். "ஆமாம்மா" என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லும் தம்பி, பாப்பா சொல்லும். அவங்கப்பாவுக்கு ஆபரேசன் ஆனப்ப, யாரும் போகாத எடத்துக்கு எனக்காக ஒரு அண்ணன் போறாரும்மான்னு சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரருகூட, பெரிய வீட்டுப் புள்ள, நமக்காக அங்க போயி நின்னுருக்கே, ஒருநாளு வீட்டுக்குக் கூட்டிட்டு வா ஆத்தான்னு படுக்கையிலேருந்தே சொன்னாரு. அதுக்குள்ள..." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருங்க, போன் போட்டுத் தர்றேன். சந்தோசப்படும்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் போட்டுவிட்டார். "பாப்பா, யாரு வந்துருக்காங்கன்னு பாரு" என்று சொல்லிக் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, சோறு வடிக்க வயலை ஒட்டியிருந்த வீட்டுக்குள் போனார். நான் அதை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மதகு வரைக்கும் நடந்தேன்.

"சொல்லுங்கண்ணா." அதே குரல்.

"அந்த ஏழாவது பேட்ச்..." என்றேன். "நான் கடைக்குள்ள போகல. தாடைய பாக்கல. பல்லெல்லாம் வெளிய வந்துருந்துச்சு. ஜெல்லும் ஓட்டல."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"தெரியும்ணா" என்றாள். "கடைசி வாரம் ஃப்ரீசரக் காலி பண்ணேன். ஒரு குப்பி மூடியில கொஞ்சம் பொடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மெடிக்கல் காலேஜ்ல தெரிஞ்ச பொண்ணுகிட்ட குடுத்து ஓட்டிப் பாத்தேன். முழுப் புரதமே இல்ல. எல்லாம் துண்டு துண்டா இருந்துச்சு."

"அப்பவே தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டு?" என்றாள். "அப்பா போயி மூணு மாசம் ஆயிருந்துச்சுண்ணா."

மன்னிப்பு கேட்டேன் என்று நினைக்கிறேன். அந்த வார்த்தை வாயிலிருந்து ஒழுங்காக வந்ததா என்று தெரியவில்லை.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"உள்ள இருக்காங்க."

"அவங்ககிட்ட இத சொல்லாதீங்க." குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியது. "அந்த வருசத்தப் பத்தி அவங்க நல்லவிதமா நெனச்சுப் பாக்குறது அது ஒண்ணுதான். அப்பாவும் அத நம்பிக்கிட்டேதான் போனாரு. அது அப்படியே இருக்கட்டும். கூப்புட்டாங்கன்னா சாப்டுட்டுப் போங்க. நான் ஷிப்ட்ல இருக்கேன், வச்சுர்றேன்."

வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது வீட்டுக் கூடத்தில் இலை போட்டிருந்தது. சுவரில் அவளுடைய அப்பாவின் படம், மாலையோடு. நான் பார்க்காத முகம். "என்ன சொல்லுச்சு பாப்பா?" என்று அம்மா கேட்டார்.

"உங்க உடம்பப் பாத்துக்கச் சொன்னாங்கம்மா."

"அது எப்பவும் அதத்தான் சொல்லும்" என்று சிரித்துக்கொண்டே சோற்றைப் போட்டார். முதல் கவளத்தைத் தண்ணீர் குடித்து இறக்கினேன். அவர் மறுபடி மறுபடி போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடவு வேலையிலிருந்து ஒரு பெண் சேற்றுக் காலோடு வாசலில் வந்து தண்ணீர் கேட்டாள். அம்மா செம்பை நீட்டிக்கொண்டே என்னைக் காட்டினார்.

"இவருதான்டி. நான் சொல்லுவேன்ல, அந்தத் தம்பி."

அந்தப் பெண் செம்பை வாங்கிய கையோடு என்னைப் பார்த்து, மரியாதையாக, "வாங்க" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.